கொடைக்கானல் அருவிகள்: ஒரு நாளில் போய்வரக் கேள்வி பதில்

வத்தலக்குண்டு – கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, மதுரையிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்ப வேண்டும். எத்தனை அருவி பார்க்கலாம்?

மூன்று போதும் தம்பி. மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பிவிடுங்கள். முதலில் மலைப்பாதையில் வரும் டம்டம் பாறை. ஓரமாக நிறுத்திவிட்டு எதிர் மலையைப் பாருங்கள், பாறையில் வெள்ளை நூல் தொங்குவது போல ஒரு கோடு இறங்கும். அதுதான் தலையாறு அருவி, 975 அடி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். காலையில்தான் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறி மேகம் கிளம்பிவிட்டால் மலையே இருக்காது. அடுத்து, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் ரோட்டோரமே வெள்ளி நீர்வீழ்ச்சி. மதியத்துக்கு மேல் வட்டக்கானல் பக்கம் பாம்பாறு. லிரில் அருவி என்றால்தான் பலருக்குத் தெரியும். ஞாயிறு வேண்டாம், பாதி நாள் வண்டி வரிசையிலேயே போய்விடும்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

வேண்டாம் அக்கா. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. ஊரைத் தாண்டி வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு விடாது.

குளிக்கத்தான் ஆசை என்றால் மலை ஏறவே வேண்டாம். பெரியகுளத்துக்குப் பக்கத்தில், அடிவாரத்தில் கும்பக்கரை இருக்கிறது. வனத்துறை டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஒன்று மட்டும் கவனம்: அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து வெள்ளம் வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் துண்டைத் தேடாதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். மழை நாளில் போவதாக இருந்தால், குளிக்க அனுமதி உண்டா என்று பெரியகுளத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குற்றாலம் போல ஜூன், ஜூலையில் வரலாமா?

குற்றாலத்துக் கணக்கு இங்கே சரிவராது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். நவம்பரில் அருவி கொட்டும், கூடவே மண்ணும் சரியும். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை. மே மாதம் கூட்டம்தான் கொட்டும்.

கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) கட்டாயமா?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளியூர் வண்டி என்றால் கிளம்புமுன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறலாமா? கிட்டம் என்கிறார்களே?

கிட்டம்தான். ஆனால் குறுகல், மழைக்கு அடிக்கடி சரிந்து அடைபடும். மலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் வத்தலக்குண்டு வழியே வாருங்கள்.

பாம்பாற்றுப் பாதையில் அட்டை கடிக்குமாமே?

மழைக்குப் பிறகு கடிக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், புண்ணாகிவிடும். உப்பைத் தூவினால் விழும், ஆனால் குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம்; நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்து மெல்ல நெம்பி எடுங்கள்.  செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. அங்கே பாறை வழுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம்.