வெல்ஷுக்கு வந்த பழங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் திருப்பத்தூரில் மருது சகோதரர்களின் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். மருதுவைத் தூக்கிலிட்ட கர்னல் வெல்ஷே பிற்காலத்தில் மனம் வருந்தி அவரைப் புகழ்ந்து எழுதினார் என்று அங்கே ஒருவர் சொன்னார். எதிரியானாலும் மனச்சாட்சி உள்ளவர் என்று வெல்ஷை மதிக்கலாம்தானே?

— ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். தூக்குக் கட்டளை கர்னல் அக்னியூவினுடையது. ஜேம்ஸ் வெல்ஷ் அவர் படையில் இருந்த இளம் அதிகாரி. அதுவும் பிரிட்டிஷ் அரசரின் படை அல்ல, கிழக்கிந்தியக் கும்பினியின் மதராஸ் படை. அரசர் படையில் பதவியை விலைக்கு வாங்கலாம். கும்பினிப் படையில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் செத்தாலோ விலகினாலோ ஒரு படி ஏற வேண்டும். வெல்ஷ் அந்த வரிசையில் சேர்ந்தது 1790இல், பதினைந்து வயதில்.

1795 பிப்ரவரியில் சிவகங்கைச் சீமை வழியாகப் போகும்போது சிறுவயலில் சின்ன மருதுவைப் பார்க்கிறார். காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாத அரண்மனை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். ஈட்டி எறியவும், வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசவும் அந்த இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான். தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று தன் நினைவுக்குறிப்பு நூலில் வியக்கிறார். பிறகு மதுரையில் இருந்த காலமெல்லாம் அவருக்கு மருதுவிடமிருந்து நல்ல அரிசியும் பழங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, தோல் சொரசொரப்பான பெரிய ஆரஞ்சு. அவ்வளவு தித்திப்பான பழத்தை இந்தியாவில் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். அது என்ன பழம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நாரத்தை என்று வைத்தால், நாரத்தை இனிக்காது.

ஆறே ஆண்டுகள். அதே மனிதரைக் காட்டு விலங்கைப் போல விரட்டியது, சாதாரணக் காவல் சேவகர்கள் பிடித்து வந்தது, தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்தது, மகனோடும் அண்ணனோடும் தூக்கில் தொங்கியது என எல்லாவற்றையும் வெல்ஷ் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார். இதெல்லாம் தன் கண்முன் நடக்க வேண்டும் என்று இருந்ததாம், போரின் விதி. நீங்கள் மனவருத்தம் என்று கேள்விப்பட்டது இந்த இடத்தைத்தான். துக்கம் நிஜம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழி விதியின் தலையில் விழுகிறது. அந்த நூலும் அச்சில் வந்தது 1830இல், லண்டனில்.

மனச்சாட்சி பற்றிக் கேட்டீர்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள். 1803இல் மராட்டியப் போர். 1806இல் வேலூர்க் கலகம் முடிந்து நான்கு மாதத்தில், பாளையங்கோட்டையில் சதி என்று வதந்தி கிளம்ப, அங்கே தலைமையில் இருந்த வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். அதற்காக இராணுவ விசாரணைக்கு உட்பட்டு விடுதலையானார். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படைக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடித்தார். 1812இல் வயநாட்டில் குறிச்சியர் என்ற பழங்குடியினரின் கிளர்ச்சியை அடக்கப் போனார். தெற்கே எங்கே தீப்பிடித்தாலும் அவர் பெயர் வருகிறது. விதி இவரை மட்டும் இப்படித் தேடி வருமா?

ஆனாலும் அவரைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. வென்றவர்கள் பலர் கோட்டைகளைத்தான் எண்ணினார்கள். பழத்தின் தோலைப் பற்றி எழுதியவர் இவர்.

சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1818இல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது, தளர்ந்துபோன ஒரு கிழவர் அவர் முன்னால் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் “துரைசாமி” என்றார். அவருக்கு வயது முப்பத்திரண்டுதான் இருக்கும்.