"எல்லாம் நானே செய்வேன்" என்கிறார் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். விழுந்து இடுப்பில் அடிபட்டு வார்டில் இருந்தபோது, தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவுபவர்) "குளிப்பீங்களா, உடுப்பீங்களா, சமைப்பீங்களா?" என்று கேட்க, அம்மா எல்லாவற்றுக்கும் "ஆமா, செய்வேன்" என்றார். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தபின் ரொட்டி கருகுகிறது, மாத்திரை அப்படியே கிடக்கிறது. கொழும்பிலிருக்கும் அண்ணனோ, "ஆஸ்பத்திரியிலயே நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டாங்க, நீதான் பயப்படுற" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, ஹட்டன்

பதில்: அம்மா பொய் சொல்லவில்லை. காலமெல்லாம் கூடை சுமந்து மலையேறியவரிடம் "சமைப்பீங்களா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? வாயால் கேட்பது பாதி மதிப்பீடுதான். மீதியைச் செய்யவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவர் அன்றாட வேலைகளைத் தாமே செய்கிறாரா என்று பார்க்க, 1963இல் காட்ஸ் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது. சமதரையுள்ள வார்டில் இதையெல்லாம் அம்மா செய்திருக்கலாம். லயத்தில் தண்ணீர்ப் பீலிக்கும் கக்கூஸுக்கும் பாசி பிடித்த படி இறங்க வேண்டுமென்றால் கதை வேறு. சமையலும் மருந்தும் அந்த ஆறில் இல்லை. லோட்டன், புரோடி என்ற ஆய்வாளர்கள் 1969இல் தந்த இன்னொரு அளவுகோலின் எட்டுக் காரியங்களில் இருக்கின்றன. கடை, காசுக் கணக்கு, தொலைபேசி எல்லாம் அதில்தான். பெரும்பாலும் முதலில் தடுமாறுவதும் இவைதான். (வங்கிப் பக்கமே போகாத அம்மாவுக்குக் காசுக் கணக்கில் மார்க் குறைந்தால் அதை நோய் என்று எடுக்காதீர்கள்.)

ஒரு காலையில் அம்மாவை ரொட்டி சுடச் சொல்லிவிட்டு மூலையில் உட்காருங்கள். உதவிக்குப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்; மகள்மார் ஓடிப்போய்ச் செய்துவிடுவதால் உண்மை தெரியாமலே போகிறது. இடுப்பு வலியில் குனிந்து விறகை இழுக்க முடியாமல் ரொட்டி கருகுகிறதா, அடுப்பில் போட்டதே மறந்து கருகுகிறதா? முதலாவதென்றால் அடுப்பை இடுப்பளவு உயர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும். இரண்டாவதென்றால் ஞாபகசக்தியைப் பரிசோதிக்க வேண்டும், தனியாக நெருப்போடு விடவும் கூடாது. மாத்திரையும் அப்படியே: அட்டையைப் பிரிக்க விரலில் பலமில்லையா, எழுத்துத் தெரியவில்லையா, காலையில் போட்டாயிற்று என்று நினைக்கிறாரா? தீபாவளிக்கு அண்ணன் வந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இந்தத் தடுமாற்றம் ஓரிரு நாளில் திடீரென்று வந்ததென்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சிறுநீர்த் தொற்றோ புதிதாகத் தொடங்கிய மருந்தோகூட வயதானவர்களைக் குழப்பிவிடும்.

அப்படியில்லையென்றால், எந்த இடத்தில் கை நின்றது, எதைத் தேடினார் என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். படியையும் அடுப்பையும் போனில் படமெடுத்து, அடுத்த கிளினிக்கில் அம்மாவைக் கூப்பிடுமுன் சிகிச்சையாளர் கையில் கொடுங்கள். அம்மாவின் முன்னால் குறைகளை வாசிக்க வேண்டாம். அப்புறம் அவர் எதையுமே செய்துகாட்ட மாட்டார்.