ஜிமெயிலில் ஃபில்டர் போட்டும் புக்கிங் மெயிலும் விளம்பரமும் கலந்தே வருகின்றன, எப்படிச் சரி செய்வது?

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள், புக்கிங் தளத்தின் விளம்பரங்களுக்கு ஒரு ஃபில்டர், உறுதியான புக்கிங்குக்கு இன்னொரு ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள், ஆனாலும் புக்கிங் மெயில் இன்பாக்ஸில் நிற்காமல் விளம்பரத்தோடு போய்விடுகிறது, இதுதானே கேள்வி? குன்னூரில் ஒரு தேயிலைத்தூள் கடைக்கும் அதன் மாடியிலுள்ள தங்கும் அறைகளுக்கும் மெயில் பார்ப்பது என் வேலை. அங்கே பயன்படுவதைச் சொல்கிறேன்.

முதலில் காரணம். ஜிமெயிலில் ஃபில்டர்களுக்கு வரிசை கிடையாது. அவுட்லுக்கில் விதிகள் மேலிருந்து கீழாக ஓடும், ஒன்று பொருந்தியதும் அத்தோடு நிறுத்து என்றும் சொல்லலாம். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு எத்தனை ஃபில்டர் பொருந்துகிறதோ அத்தனையும் அதன்மேல் வேலை செய்யும். உங்கள் விளம்பர ஃபில்டர் அனுப்புநர் முகவரியை மட்டும் பார்க்கிறது. அதே முகவரியிலிருந்துதான் புக்கிங்கும் வருகிறது. ஆக, அந்த மெயிலுக்கு இரண்டு லேபிளும் ஒட்டும், விளம்பர ஃபில்டரில் 'ஸ்கிப் இன்பாக்ஸ்' இருப்பதால் இன்பாக்ஸை விட்டும் போய்விடும். புக்கிங் ஃபில்டரை எத்தனை முறை திருத்தினாலும் இது மாறாது, திருத்த வேண்டியது விளம்பர ஃபில்டரை. அதில் 'டசன்ட் ஹேவ்' என்ற கட்டத்தில் உறுதியான புக்கிங்கிலும் ரத்திலும் தவறாமல் வரும் சொற்களைப் போடுங்கள். அந்தச் சொல் இருக்கும் விளம்பரம் ஒன்றிரண்டு இன்பாக்ஸில் தங்கிவிடும்தான், தங்கட்டும், விருந்தாளியின் மெயில் ஒளிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மெயிலைத் திறந்து மூன்று புள்ளியைத் தட்டி ஃபில்டர் உருவாக்கினால் பெரும்பாலும் அனுப்புநர் முகவரி மட்டும்தான் நிரம்பி வரும், அதனால் அந்த வழி வேண்டாம். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டி, ஃப்ரம், சப்ஜெக்ட் எல்லாம் நீங்களே நிரப்பி, உடனே ஃபில்டர் ஆக்காமல் முதலில் தேடிப் பாருங்கள். போன ஏப்ரல், மே சீசன் மெயில்கள் வரிசையாக வந்து நிற்கும். அதில் விளம்பரம் ஒன்று எட்டிப் பார்த்தாலோ, உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு புக்கிங் காணாமல் போயிருந்தாலோ சொற்களை மாற்றுங்கள். தேடல் சரியாக வந்த பிறகுதான் ஃபில்டர். இரண்டு சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் நடுவே வரும் ஆங்கில 'ஆர்' (OR) பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் பிடிக்கும். புக்கிங் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் வராது.

இபாஸ் கதை வேறு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இபாஸ் கட்டாயமானதிலிருந்து, விருந்தாளிகள் அதன் நகலை எங்களுக்கும் அனுப்பி வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகவரியிலிருந்து அனுப்புவதால் ஃப்ரம் கட்டம் இங்கே உதவாது. அதைக் காலியாக விட்டு, இபாஸ் என்பதை அவர்கள் எழுதும் விதங்களை எல்லாம் (கோடு போட்டு, போடாமல், தமிழில், ஆங்கிலத்தில்) 'ஆர்' சேர்த்து எழுதி, 'ஹேஸ் அட்டாச்மென்ட்'டை டிக் செய்யுங்கள். இதற்கு லேபிள் மட்டும் போதும், கூடவே 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' கொடுத்துவிடுங்கள். ஸ்பாமில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழிந்துவிடும், சீசன் நெருக்கடியில் அங்கே யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். விருந்தாளி, பணம், ஓடிபி, இந்த மூன்றுக்கும் 'ஸ்கிப் இன்பாக்ஸ்' போடவே போடாதீர்கள். இன்பாக்ஸுக்கு வராத மெயிலுக்குப் போனில் மணி அடிக்காது. ஆண்ட்ராய்டில் அந்த லேபிளுக்கென்று சிங்க்கும் அறிவிப்பும் தனியாக ஆன் செய்தால்தான் அடிக்கும். மாலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் மலையேறி வந்துகொண்டிருக்கும், 'இன்று இரவு தங்க வருகிறோம்' என்ற மெயில் லேபிளுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும், நீங்கள் அறையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போயிருப்பீர்கள். பனியில் குழந்தையோடு வந்து நிற்பவர்களிடம் ஃபில்டர் விளக்கமா சொல்ல முடியும்? புக்கிங் ஃபில்டரில் 'பிரைமரி'யாக வகைப்படுத்தும் தேர்வையும் போட்டுவிடுங்கள், ப்ரோமோஷன்ஸ் தாவலுக்குள் ஒதுங்காது.

போனிலுள்ள ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க முடியாது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். கடைசித் திரையில் பழைய மெயில்களுக்கும் சேர்த்துப் பொருத்தச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும். அதைப் போடாவிட்டால் இனி வரப்போகிற மெயிலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். விளம்பர ஃபில்டரைத் திருத்துவதற்கு முன்னால் அந்த லேபிளைத் திறந்து, ஏற்கனவே அங்கே போய்விட்ட புக்கிங்குகளைக் கையாலேயே இன்பாக்ஸுக்கு நகர்த்திவிடுங்கள், ஃபில்டர் அவற்றைத் திருப்பிக் கொண்டுவராது.