ஆசிட் லாரி ஏன் ஓட்டையாவதில்லை?

கேள்வி: எங்கள் ஊர் வழியாகக் கந்தக அமிலம் ஏற்றிய டேங்கர் லாரிகள் போகின்றன. தொட்டி இரும்புதான் என்கிறார் டிரைவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, அமிலம் பட்டால் இரும்பு அரித்து ஹைட்ரஜன் வரும் என்று புத்தகத்தைக் காட்டுகிறாள். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: இருவருமே சரி. புத்தகத்தில் இருப்பது நீர்த்த அமிலம்; லாரியில் போவது பெரும்பாலும் 98 சதவீதச் சரக்கு. ஆசிட் பிளாண்டில் வேலை பார்த்தவன் நான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பை அரிப்பது ஹைட்ரஜன் அயனி. அது தனியாக நிற்காது. அமில மூலக்கூறு விடுவதைத் தண்ணீர் மூலக்கூறு வாங்கிக்கொண்டு ஹைட்ரோனியமாக வேண்டும். 98 சதவீத அமிலத்தில் ஒன்பது அமில மூலக்கூறுக்கு ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறுதான். வாங்க ஆளில்லை! தவிர, ஆரம்பத்தில் உண்டாகும் இரும்பு சல்ஃபேட் அந்த அமிலத்தில் அவ்வளவாகக் கரையாது. பாசி மாதிரி இரும்பின் மேல் படிந்து உள்ளே அமிலத்தை விடாமல் தடுக்கும். தண்ணீர் கூடினால் இந்தப் படலமும் கரையும், அயனியும் பெருகும்.

அதனால்தான் ஆசிட் டேங்கின் காற்றுக் குழாயில் ஈரம் உறிஞ்சும் பொருளை வைப்பார்கள். நிறைந்த டேங்கைவிட, கழுவிவிட்ட காலி டேங்குக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். அடியில் மிஞ்சிய அமிலம் கழுவிய தண்ணீரில் நீர்த்து, ஹைட்ரஜனைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். வாயுவைச் சோதிக்காமல் வெல்டிங் வைத்தால் டேங்க் வெடித்துவிடும்.

செறிந்த அமிலம் சாது என்று மகள் நினைத்துவிடப் போகிறாள். அதன் குணமே வேறு: சர்க்கரையிலிருந்துகூடத் தண்ணீரைப் பிடுங்கிக் கரியாக்கும், தோலையும் விடாது.

கேள்வி: வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் ஃப்ரூட் சால்ட்டில் அமிலம், சோடா உப்பு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றனவே, பாக்கெட்டுக்குள் ஏன் பொங்குவதில்லை?
- ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: சிட்ரிக் அமிலம் உலர்ந்த படிகமாக இருக்கும்வரை அதிலிருந்து அயனி பிரியாது. டம்ளர் தண்ணீரில் விழுந்ததும் பிரிந்து, சோடா உப்போடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பொங்குகிறது. ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விட்டால் பொங்கல் அங்கேயே முடிந்துவிடும்; பிறகு டம்ளரில் போட்டாலும் சுறுசுறுப்பு இருக்காது.