பம்ப் அறைக் குளோரீன்: எவ்வளவு வரை பயமில்லை?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் நீச்சல் தடாகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று கிழமைக்கு முன் ஒரு வாளியில் தடாகத்துக்குப் போடும் குளோரீன் திரவத்தை ஊற்றியிருக்கிறார். அடியில் அசிட் மிச்சமிருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டும் கலந்து மஞ்சள் பச்சையாகக் குளோரீன் வாயு எழும்ப, வெளியே ஓடிவந்துவிட்டார். அன்றிரவு முழுக்க இருமல். இப்போதும் படி ஏறினால் மூச்சு இளைக்கிறதாம். "அறைக்குள் போனதும் மணம் குத்தும், பத்து நிமிஷத்தில் பழகிவிடும். எவ்வளவு வரைக்கும் பயமில்லை? மனேஜர் தந்த கொரோனாக் காலத்து மாஸ்க் போதுமா?" என்று கேட்கிறார்.

மாஸ்க் போதாது. அது தூசியையும் எச்சில் துளியையும் மறிக்கும், வாயு அதன் ஊடாக அப்படியே வரும். குளோரீனுக்கென்று வடிகட்டி பூட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். ஐரோப்பிய முறைப்படி வந்ததென்றால் அந்த வடிகட்டியில் சாம்பல் நிறப் பட்டியும் 'பி' என்ற எழுத்தும் இருக்கும். தாடி வைத்திருந்தால் அதுகூட முகத்தில் சரியாகப் படியாது.

இனி அளவு. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு குளோரீன் இருந்தால் அது 1 பிபிஎம். அமெரிக்கச் சட்டம் எந்த நேரத்திலும் 1 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்கிறது. பிரித்தானியாவில் 15 நிமிஷச் சராசரி 0.5 பிபிஎம். அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் 2018இல் இன்னும் இறுக்கியது: எட்டு மணி நேர வேலைக்கு 0.1, பதினைந்து நிமிஷத்துக்கு 0.4. நான் இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பிடிப்பேன், ஏனென்றால் உங்களுடையது ஒருநாள் வேலை இல்லை, தினமும் போகிற அறை. 10 பிபிஎம் என்றால் உயிருக்கே ஆபத்தான மட்டம், உடனே வெளியேற வேண்டும். 30ஐத் தாண்டினால் நெஞ்சுவலி, வாந்தி, மூச்சுத்திணறல். 40, 60 என்று போகும்போது நுரையீரலில் நீர் கோக்கும்.

இந்த எண்கள் கையில் பிடிபடாது. சரி, உங்கள் அறையையே எடுப்போம். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரம் எட்டடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கானில் இருக்கிற 12 சதவீத குளோரீன் திரவத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், அசிட்டோடு முழுதாகக் கலந்தால் போதும். அந்த அறைக் காற்று முழுக்க ஏறக்குறைய 10 பிபிஎம்முக்கு வந்துவிடும். தேநீருக்குச் சீனி போடுகிற அளவுதான். வாளியில் 100 மில்லிலீற்றர் கலந்திருந்தால் கணக்கு 180ஐத் தாண்டும். நீங்கள் அன்று ஓடியது புத்திசாலித்தனம்.

மூக்குப் பழகுவது மூக்கின் குணம், காற்று சுத்தமானதற்கு அடையாளம் இல்லை. அறையின் இரும்பையும் பித்தளையையும் பாருங்கள். கதவுப் பிணைச்சல் செதில் செதிலாகத் துருப்பிடித்திருக்கிறதா, பூட்டில் பச்சை பூத்திருக்கிறதா, பிளக் பொயின்ரின் திருகு கறுத்திருக்கிறதா? கடற்காற்றும் இரும்பைத் தின்னும், உண்மைதான். ஆனால் பக்கத்து அறைப் பூட்டு நன்றாக இருந்து இந்த அறைப் பூட்டு மட்டும் அரித்திருந்தால், உங்கள் நெஞ்சுக்கும் அதே காற்றுத்தான் போகிறது.

குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். நாலைந்து படி இறங்கிப் போகிற பம்ப் அறையென்றால் கிணற்றில் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். கூரையோரம் காற்றாடி பூட்டி வைத்துவிட்டு 'காற்றோட்டம் இருக்கு' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இழுக்கிற வாய் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஓடும்போதும் இதே யோசனைதான்: மேட்டுப் பக்கம், காற்று வருகிற பக்கம். திருகோணமலையில் எல்லாரும் கடற்கரைக்குத்தான் ஓடப் பார்ப்பார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று அனேகமாகக் கரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். கடற்கரை பள்ளமும்கூட. வாயுவோடு சேர்ந்து ஓடினதாகிவிடும். தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

அமோனியா சட்டென்று ஈரத்தில் கரைந்து மூக்கிலும் தொண்டையிலும் எரியும், உடனே ஓட வைக்கும். குளோரீன் அந்த அளவுக்குக் கரையாது. தொண்டையையும் பிடிக்கும், மிச்சம் நுரையீரலுக்கும் இறங்கும். அங்கே ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அதனால்தான் பின்னேரம் சும்மா இருமிக்கொண்டிருந்தவர் நடுச்சாமத்தில் மூச்சுக்குத் தவிக்கிறார். வாயுவை நன்றாகச் சுவாசித்துவிட்ட ஒருவரை 24 மணி நேரம் தனியே விடக்கூடாது. உடுப்பைக் கழற்றி, கண்ணைப் பதினைந்து நிமிஷம் தண்ணீரில் கழுவி, சாய்த்து உட்காரவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். பால் கொடுப்பதில் பயனில்லை, அது வயிற்றுக்குப் போகும், வாயு போனது நுரையீரலுக்கு. முறிமருந்தும் கிடையாது. ஒட்சிசனும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும்தான் வைத்தியம்.

அசிட்டை இன்றைக்கே வேறு கொட்டகைக்கு மாற்றச் சொல்லுங்கள். வாளியும் அளவுக் கோப்பையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, நிறம் வேறாக. குளோரீன் தூள் பாவித்தால் இன்னொன்று: கல்சியம் ஹைப்போகுளோரைற்றும் டிரைக்குளோரும் இரண்டும் 'குளோரீன்' என்ற பெயரில்தான் வரும், கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

உங்கள் இளைப்புக்கு வருகிறேன். ஒரே ஒரு தடவை குளோரீனைப் பலமாகச் சுவாசித்தாலே ஆஸ்துமா மாதிரி மாதக்கணக்கில் நிற்கிற நிலை சிலருக்கு வரும். மூன்று கிழமையாகியும் படி ஏற முடியவில்லை என்றால் இருமல் பாணியோடு நாளைக் கடத்த வேண்டாம். வைத்தியரிடம் போய், நடந்த திகதியைச் சொல்லி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெற்றிப் பரிசோதனை கேளுங்கள். போகும்போது அந்த இரண்டு கான்களின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.