ஆஞ்சியோவில் கசிந்தது டையா, ரத்தமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அம்மாவுக்கு (58) திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி. மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். மறுநாள்தான் சேலத்துக்குக் கூட்டி வந்தோம். சி.டி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் என்றார்கள். ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ செய்யும்போது, அதற்காகச் செலுத்திய டை வெளியே கசிந்து மறுபடியும் ரத்தக்கசிவாகி, 3 நாளில் இறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவன் நான். அந்த டெஸ்ட் வேண்டாம் என்றிருந்தால் பிழைத்திருப்பாரா?

பதில்: தம்பி, உங்கள் கையெழுத்தால் அம்மா போகவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டை கசிந்தது என்றால் அந்த மருந்துதான் குழாயை அரித்து ஓட்டை போட்டது என்று தோன்றும். அப்படியில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, கழுத்து ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், அங்கே அயோடின் கலந்த மருந்தை, அதாவது டையை, செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். ரத்தம் போகிற வழியில்தான் டையும் போகும். அது வெளியே சிதறுவது படத்தில் தெரிந்தால், குழாய்ச் சுவரில் பலூன் மாதிரி புடைத்திருந்த குமிழ், நாங்கள் அனியூரிசம் என்பது, அந்த நொடியில் மறுபடியும் உடைந்து ரத்தம் கொட்டுகிறது என்று அர்த்தம். அதை டை கண்ணுக்குக் காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

மருந்து செலுத்தும் வேகம் பலவீனமான குமிழை உடைக்கவே உடைக்காதா என்றால், அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். அபூர்வமாக நடக்கலாம். ஆனால் ஒருமுறை உடைந்த குமிழ், யாரும் தொடாமல் கட்டிலில் படுக்க வைத்திருந்தாலும் மறுபடி உடையக்கூடியது. முதல் 24 மணி நேரத்தில் அந்த ஆபத்து மிக அதிகம், அடுத்த சில நாட்களுக்கும் இருக்கும். வெளியே கிளிப் மாட்டியோ, உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் (காயில்) வைத்தோ அதை அடைக்க வேண்டுமானால், எங்கே இருக்கிறது, குமிழின் கழுத்து அகலமா குறுகலா என்று பார்த்தாக வேண்டும். டெஸ்ட்டே வேண்டாம் என்றிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

ஒரு நாள் தாமதமானதையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், தலைவலிக்காக 20 கொண்டை ஊசி வளைவு யார் இறங்கி வருவார்கள்? மற்ற வாசகர்களுக்குச் சொல்கிறேன்: தலையில் இடி விழுந்த மாதிரி, வாழ்நாளில் வராத வலி ஒரு நொடியில் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஸ்கேன் வசதி இருக்கும் இடத்துக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், நீங்களும் உடன்பிறந்தவர்களும் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள், புகைபிடித்தால் விட்டுவிடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் இன்னொருவருக்கும் இப்படி வந்திருந்தால் எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே ரத்தக்குழாயைப் பார்ப்பது) எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூளை ஆஞ்சியோ முடிந்ததும் எடுத்த சி.டி.யில் வெள்ளையாக ஒரு இடம். ஒரு டாக்டர் ரத்தமாக இருக்கலாம் என்கிறார், இன்னொருவர் டை தங்கியிருக்கிறது என்கிறார். நாளை மறுபடி ஸ்கேனாம். எதற்கு இரண்டு முறை? (அம்மாபேட்டை, சேலம்)

பதில்: இரண்டுமே சி.டி.யில் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால்தான் இந்தக் குழப்பம். டை என்றால் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மங்கி மறைந்துவிடும், ரத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அயோடினையும் ரத்தத்தையும் பிரித்துக் காட்டும் டூயல் எனர்ஜி சி.டி. இருக்கும் இடத்தில் இப்போதே தெரிந்துவிடும், இல்லாத இடத்தில் நாளைய ஸ்கேன்தான் வழி. மறுக்காமல் எடுங்கள். அதற்குள் அப்பாவுக்குப் பேச்சு குழறினாலோ, கை கால் வலு குறைந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ நாளை வரை பொறுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.