அம்மாவின் மறதிக்கு நேராக பெட் (PET) ஸ்கேன் எடுக்கலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். அல்சைமர்தானா என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள நேராக பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா?"

வேண்டாம், அவசரப்படாதீர்கள். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கூடவே இருக்கும் நீங்களே அழைத்துப் போங்கள், எப்போதிலிருந்து, எதையெல்லாம் மறக்கிறார் என்று நீங்கள் சொல்வதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நினைவாற்றல் சோதனை, பி12, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கேன்.

அதிலும் முதலில் எம்ஆர்ஐ. குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றுமில்லை என்று எழுந்துபோன பெரியவர்களுக்கு, சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் வரும். மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருக்கும். அதை வெளியேற்றினால் பலர் தெளிந்துவிடுவார்கள். இதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே எம்ஆர்ஐ வேண்டும் என்பேன். அல்சைமரா என்று அறிய, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருக்கிறதா என்று 0 முதல் 4 வரை அளவிட்டுப் பார்ப்போம். அதனால் சீட்டில் 'மூளை எம்ஆர்ஐ' என்று மட்டும் போடாமல், மறதிக்காக என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்றிருந்தால் பயப்படாதீர்கள். 'நார்மல்' என்றிருந்தாலும் விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் அப்படித்தான் தெரியலாம்.

சரி, பெட் ஸ்கேன் எப்போது? இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராதபோது. சர்க்கரையை மூளையின் எந்தப் பகுதி குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று ஒரு வகை காட்டும். அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைக் காட்டுவது இன்னொன்று; அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. ஆனால் அந்தப் படிவு மறதிக்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடும், ஞாபகம் நன்றாக இருப்பவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். அந்தப் படிவை நீக்கும் லெகானெமாப் போன்ற மருந்தைத் தொடங்குவதாக இருந்தால் மட்டும் படிவு இருப்பதை உறுதிசெய்தே ஆகவேண்டும்.

பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வளையல், மூக்குத்தி, காது மெஷின் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனம் வராவிட்டால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரட்டும். உள்ளே சத்தம் அதிகம், எதற்குப் படுத்திருக்கிறோம் என்பதே பாதியில் மறந்து அம்மா பதறலாம். டெக்னீஷியனிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் நகையையும் போனையும் வெளியே வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்தபடி பக்கத்திலேயே நில்லுங்கள்.